புதியவர் என்ற பெயரில் வகுப்பெடுத்தவர்

அந்தத் திங்கட்கிழமை காலை துறை அலுவலகத்தில் உட்கார்ந்து விண்ணப்ப உறைகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன். எங்கள் கடலோரப் பல்கலைக்கழகத்தின் கணினி அறிவியல் துறைக்கு ஓர் உதவிப் பேராசிரியரை எடுத்துக்கொள்ள நான்கு வருடம் கழித்து அனுமதி வந்திருந்தது. "திங்கக்கிழம மத்தியானத்துக்குள்ள பிரிச்சு வச்சிருங்க சார், நான் வந்து பாக்குறேன்" என்று துறைத்தலைவர் பேராசிரியர் அருள்மேரி சனிக்கிழமை சொல்லிவிட்டுப் போயிருந்தார். தகுதி உள்ளவை இடது பக்கம், இல்லாதவை வலது பக்கம் என்று அடுக்கிக்கொண்டிருந்தபோது கைபேசி அடித்தது. தங்கச்சிமடத்திலிருந்து அவருடைய தம்பி பேசினார்.

"சார், அக்கா எறந்துபோச்சு சார். காலையில பூசைக்குக் கெளம்பிக்கிட்டு இருந்துச்சு. நெஞ்சப் பிடிச்சுக்கிட்டுச் சேர்ல உக்காந்துச்சு. அவ்வளவுதான்."

"சரி" என்றேன். கைபேசியை வைத்துவிட்டு மிச்சமிருந்த உறைகளையும் பிரித்து அடுக்கி முடித்தேன். அலுவலகக் கண்காணிப்பாளர் காதர் பாய் என் முகத்தைப் பார்த்து என்னவென்று கேட்டார். சொன்னேன். "இன்னாலில்லாஹி" என்று தொடங்கியவர் முடிக்க முடியாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். சாவுச் செய்தி வந்த பிறகும் காகிதம் அடுக்கிக்கொண்டிருந்த மனிதன் என்று யாராவது என்னைச் சொன்னால் மறுக்க மாட்டேன். கை நின்றால் அழுதுவிடுவேன் என்று பயமாக இருந்தது.

அவரை அறியாதவர்களுக்குச் சில வார்த்தைகள். அருள்மேரி மேடம் தங்கச்சிமடத்துக்காரர். அப்பா நாட்டுப்படகில் கடலுக்குப் போனவர். மதுரையில் கணிதமும் பிறகு கணினி அறிவியலும் படித்தார். அவருடன் படித்தவர்கள் எல்லாம் கண்காணாத தேசங்களில் இருக்கிறார்கள். அவர் மட்டும் படிப்பு முடிந்த கையோடு ஊர்ப்பக்கம் திரும்பினார். ஏன் என்று ஒருமுறை கேட்டேன். "ஊர்ப்பாசம்னு எழுதிராதீங்க சார். வேற எங்கயும் மீன் நல்லாயில்ல" என்றார். அவர் பேசும்போது எது கிண்டல், எது நிஜம் என்று பிரித்தெடுக்க எனக்குச் சில வருடங்கள் ஆயின.

நான் முதுகுளத்தூர்ப் பக்கத்து மிளகாய்க்காட்டு ஆள். இருவரும் ஒரே வாரத்தில் வேலைக்குச் சேர்ந்தோம். அப்போது துறை என்பது இரண்டு அறைகளும், துணி போர்த்திய கொஞ்சம் கணினிகளும்தான். உப்புக்காற்றில் அந்தக் கணினிகள் எங்களுக்கு முன்பாகவே ஓய்வு பெற்றுவிட்டன. அவருக்கும் எனக்கும் பக்கத்துப் பக்கத்து மேசை. இருபத்தாறு வருடங்கள் அப்படியே ஓடின. அந்த வருடங்களில் நாங்கள் சண்டை போடாத வாரம் ஒன்று இருந்திருந்தால் அது விடுமுறை வாரமாகத்தான் இருக்கும்.

எங்கள் துறையின் தீராத நோய் ஒன்று உண்டு. வருகிறவர்கள் தங்க மாட்டார்கள். இளம் உதவிப் பேராசிரியர் சேருவார், வாடகைக்கு வீடு பிடிப்பார், இரண்டாவது மாதமே சென்னைக்கோ பெங்களூருக்கோ விண்ணப்பம் போடத் தொடங்கிவிடுவார். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நம்முடைய ஊரில் நமக்கே பஸ் கிடைப்பதில்லை. ஆனால் ஒரு வருடம் நடந்ததை மேடம் கடைசிவரை மறக்கவில்லை. பொங்கல் விடுமுறைக்குப் போன ஓர் ஆசிரியர் திரும்பி வரவில்லை. பெங்களூரிலிருந்து மின்னஞ்சலில் ராஜினாமா வந்தது. அதை எங்களுக்குச் சொன்னார்கள், பிள்ளைகளுக்கு யாரும் சொல்லவில்லை. பத்து நாள் கழித்து அந்த வகுப்பறைப் பக்கம் போன மேடம், நோட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு மொத்த வகுப்பும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார்.

"யாருக்குக் காத்திருக்கீங்க?"

"சாருக்கு மேடம். வந்துருவாருன்னு."

தினமும் அந்த மணிக்கு வந்து உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மேடம் அங்கேயே சாக்பீஸை எடுத்து, ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தார். அறைக்குத் திரும்பி வந்ததும் என்னிடம் சொன்னார்: "கடலுக்குப் போனவுகளுக்கு எங்க ஊர்ல காத்திருப்பாக சார். அத நான் சின்னப்பிள்ளையிலிருந்து பாத்திருக்கேன். வகுப்புக்கு வராதவனுக்காக எம்பிள்ளைக காத்திருக்கக் கூடாது."

அந்த வாரம்தான் எங்கள் கால அட்டவணையில் அந்தப் பெயர் முதல்முறையாக ஏறியது. ஆசிரியர் போய்விட்ட பாடங்களுக்கு எதிரே என்ன எழுதுவது என்று காதர் பாய் கேட்டார். காலியிடம் என்று போடலாம் என்றேன் நான். "காலின்னு போட்டா மேல இருக்கவுக அந்த இடத்தையே எடுத்துருவாக. பிள்ளைகளும் மனசு விட்டுரும். 'புதியவர்'னு போடுங்க பாய். வருவார்" என்றார் மேடம். புதியவருக்கு வாரம் எட்டு மணி நேரம் வகுப்பு ஒதுக்கப்பட்டது. அத்தனையையும் மேடமே எடுத்தார், தன்னுடைய வகுப்புகளுக்கு மேலாக. பிள்ளைகளுக்கு அது வேடிக்கையாகிவிட்டது. "இன்னைக்குப் புதியவர் வருவாரா மேடம்?" என்பார்கள். "வந்துக்கிட்டே இருக்காரு. ஏலே, நீ நேரா உக்காரு" என்பார்.

புதியவருக்கு ஒரு மேசையும் இருந்தது, ஜன்னலோரத்தில், அறையிலேயே நல்ல இடத்தில். கால் ஆடாத நாற்காலி ஒன்றும் அதற்கு உண்டு. எங்கள் துறையில் ஆடாத நாற்காலிக்கு நடந்த போட்டியைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். நானே இரண்டு தடவை அதைத் தூக்கப் பார்த்துப் பிடிபட்டேன். "அது அவரு நாற்காலி" என்பார், ஏதோ அந்த மனிதர் டீ குடிக்கக் கீழே போயிருப்பதுபோல. காலையில் வந்ததும் தன் மேசைக்கு முன்பாக அந்த மேசையைத்தான் துடைப்பார்.

ஆள் எடுப்பதில் அவருக்கென்று ஒரு முறை இருந்தது. நேர்காணலுக்கு வருகிறவர்களை அவரே ராமநாதபுரம் பஸ் நிலையத்துக்குப் போய் அழைத்து வருவார். துறைக்குள் நுழைந்ததும் குழாய்த் தண்ணீரை ஒரு தம்ளரில் பிடித்துக் கொடுப்பார். எங்கள் குழாய்த் தண்ணீர் உப்புக் கரிக்கும். குடித்தவர் முகம் போகும் போக்கைப் பார்த்துவிட்டு, "இங்கன இதுதான் தண்ணி. கேன் வரும், சில நாளு வராது. காத்து காலத்துல கரண்டு போகும். இதெல்லாம் தெரிஞ்சே வாங்க" என்பார். ஒரு நல்ல பையன் அன்று மாலை ரயிலுக்கே திரும்பிப் போய்விட்டான். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "நீங்க ஆள் எடுக்கிறீங்களா, ஆள வெரட்டுறீங்களா மேடம்?" என்று கத்தினேன். "போறவன் இன்னைக்கே போகட்டும் சார். செமஸ்டர் நடுவுல போகக் கூடாது" என்றார். அவர் குரலை உயர்த்தவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

தண்ணீரில் தேறியவர்கள் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். மேடம் கடைசி பெஞ்சில் உட்காருவார். வகுப்பு எடுப்பவரை நிமிர்ந்தே பார்க்க மாட்டார். இதென்ன மரியாதை என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அவர எதுக்கு சார் பாக்கணும்? அவரு நல்லாத்தான் பேசுவாரு, வேல வேணுமில்ல. நான் மூணாவது பெஞ்சப் பாக்குறேன். மொத பெஞ்சு யாரு வந்தாலும் கேட்கும். கடைசி பெஞ்சு யாரு வந்தாலும் கேட்காது. மூணாவது பெஞ்சுல நம்ம திருப்பாலைக்குடிப் பய ஒருத்தன் சாஞ்சு கெடக்கான் பாருங்க, அவன் நிமிந்து உக்காந்தான்னா அது வாத்தியாரு."

இப்போது நான் செய்த தவறைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் இந்த அஞ்சலிக்கு அர்த்தம் இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன்பு இதேபோல ஓர் இடத்துக்கு ஆள் எடுத்தோம். கடைசியில் இருவர் நின்றார்கள். ஒருவர் பெரிய நிறுவனத்தில் ஆய்வு முடித்தவர். அவருடைய ஆய்வுக் கட்டுரைகளின் பட்டியலே ஒரு கட்டுரை நீளம் இருந்தது. மாதிரி வகுப்பில் திரையில் படங்கள் ஓடின, ஆங்கிலம் அருவியாகக் கொட்டியது. இன்னொருவர் கௌசல்யா, ஈரோட்டுப் பக்கத்துப் பெண். பதற்றத்தில் பேச்சு லேசாகத் திக்கியது. கரும்பலகைப் பக்கம் திரும்பியவர் சட்டென்று பிள்ளைகளைப் பார்த்து, "கடலுக்குப் போகணும்னா டோக்கன் வாங்கணும்னு பஸ்ல ஒருத்தர் பேசிட்டு வந்தாருங்க. அது என்னன்னு எனக்குத் தெரியாது. நீங்க சொல்லித் தாங்க" என்றார். வகுப்பு கலகலத்துவிட்டது. ஆளாளுக்குச் சொன்னார்கள். அந்த அனுமதிச் சீட்டை யார் கொடுப்பது, எப்போது கொடுப்பது, அது இல்லாமல் போனால் என்ன ஆகும் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஒரு கணினிக்குள் முட்டிக்கொள்ளாமல் இருக்க எப்படி அனுமதி வாங்கி உள்ளே போய், வெளியே வந்ததும் திருப்பித் தருகின்றன என்பதை அந்தப் பேச்சிலிருந்தே இழுத்துச் சொன்னார். நடுவில் ஓர் அம்புக்குறியைத் தலைகீழாகப் போட்டுவிட்டார். மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒருவன் எழுந்து சொன்னான். "ஆமாங்க, தப்புத்தான். நல்லவேளை பாத்தீங்க" என்று அழித்துப் போட்டார்.

மேடத்தின் முகத்தை அன்று பார்த்திருக்க வேண்டும். வலை நிறைய மீனோடு படகு கரைக்கு வருவதைப் பார்த்தவர்போல இருந்தார்.

தேர்வுக்குழுவில் கருத்து இரண்டாகப் பிரிந்தது. என் மதிப்பெண் தாள்தான் தீர்க்க வேண்டியிருந்தது. நான் அந்த ஆய்வுக் கட்டுரைக்காரர் பக்கம் நின்றேன். "மூணாவது பெஞ்ச வச்சு ஆள் எடுத்தா, நாளைக்கு அங்கீகாரக் குழு வந்து கேட்டா எதக் காட்டுறது மேடம்?" என்று வாதாடினேன். "மூணாவது பெஞ்சையே காட்டுங்க சார்" என்றார். நான் கேட்கவில்லை. உள்ளதைச் சொன்னால், அவர் சொல்வதே எப்போதும் சரியாகிவிடுகிறது என்ற வயிற்றெரிச்சலும் எனக்கு இருந்தது. குழுவின் முடிவு என்று அவர் மறுபேச்சு இல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

வந்தவர் ஏழு வாரம் ஜன்னலோர மேசையில் உட்கார்ந்திருந்தார். எட்டாவது வாரம் சாவியை அந்த மேசைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். கௌசல்யாவைக் கூப்பிட்டோம். அவர் அதற்குள் கோயம்புத்தூரில் ஒரு கல்லூரியில் சேர்ந்திருந்தார். பிறகு புதிய நியமனங்களுக்கே தடை வந்தது. சாவி கிடந்த அன்று மேடம் என்னைப் பார்த்தார், நான் மின்விசிறியைப் பார்த்தேன். அவர் துணியை எடுத்து மேசையைத் துடைத்தார். கால அட்டவணையில் "புதியவர்" மறுபடியும் ஏறினார்.

நான்கு வருடம் அந்த எட்டு மணி நேரத்தையும் அவரே சுமந்தார். பாதியை நான் எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டுப் பார்த்தேன். "ஒங்க தியரி வகுப்பே யாருக்கும் புரியல. இதையும் கெடுக்கணுமா?" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்க வேண்டும். அதட்டிக் கேட்டிருக்க வேண்டும். போன வருடத்திலிருந்து இரண்டாவது மாடி ஏறும்போது பாதிப் படியில் நின்று மூச்சு வாங்குவார். விடுப்பு எடுத்துக்கொண்டு மருத்துவமனையில் வந்து படுக்கும்படி மதுரை மருத்துவர் அவரிடம் சொன்னார். "ஒரு ஆள் வரட்டும் சார், அப்பறம் நெஞ்சப் பாத்துக்கிருவோம்" என்றார் மேடம். நான் போட்ட மதிப்பெண்தான் அவரை அந்தப் படிகளில் ஏற்றி இறக்கியது என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். ஒருநாள்கூட அதைச் சொல்லிக் காட்டவில்லை.

கடைசிச் சனிக்கிழமை அவர் ஊருக்குக் கிளம்பும்போது எனக்கு எப்படியோ துணிவு வந்தது. கேட் வரைக்கும் கூடவே நடந்து போய், "மேடம், அந்தக் கௌசல்யா விஷயத்துல..." என்று ஆரம்பித்தேன்.

"பஸ் போயிரும் சார். திங்கக்கிழம பேசுவோம், நான் வாரேன்" என்று கையை ஆட்டிவிட்டுப் போனார்.

தங்கச்சிமடத்தில் கோயில் மணி அடித்துக்கொண்டிருந்தது. அன்று அவர் தம்பி படகு எடுக்கவில்லை. பிள்ளைகள் வேன் பிடித்து வந்திருந்தார்கள், எந்த வருடத்துப் பிள்ளைகள் என்று கணக்கே இல்லை. கல்லறைத் தோட்டத்தில் நானும் ஒரு பிடி மணல் அள்ளிப் போட்டேன். வெளியே வந்ததும் அவர் தம்பி என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒங்களப் பத்தித்தான் சார் அக்கா எப்பவும் சொல்லும். 'சண்டைக்காரரு, எதுக்கெடுத்தாலும் எகிறுவாரு. ஆனா ஓடிப்போகாத மனுசன். இருவத்தாறு வருசமா இங்கனயே கெடக்காரு. அவரு ஒருத்தரு இருக்கப்போய்த்தான் நான் புதியவருக்குக் காத்திருக்கேன்'னு சொல்லும்."

நான் அங்கே அழுதேன். வெட்கப்படாமல் அழுதேன்.

ஊர் திரும்பியதும் கௌசல்யாவுக்குப் போன் செய்து செய்தியைச் சொன்னேன். "வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவாங்க சார். கீழ ஒரு வரி எழுதியிருப்பாங்க, மேசை இன்னும் உங்களுக்காகக் காலியாத்தான் இருக்குன்னு. குடும்பம், குழந்தைன்னு இங்க வேர் விட்டுட்டேனுங்க. வர்றேன்னு ஒரு வார்த்தை எழுத முடியலைங்க" என்றார். அந்த வாழ்த்துகளைப் பற்றி மேடம் என்னிடம் மூச்சு விட்டதில்லை. கிறிஸ்துமஸ் கேக்கின் பெரிய துண்டை மட்டும் எனக்குக் கொடுப்பார்.

மாதிரி வகுப்புகளுக்கு மேடம் குறித்திருந்த தேதி அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் வந்தது. தள்ளிப்போடலாமே என்று மேலிடத்தில் சொன்னார்கள். முடியாது என்றேன். பஸ் நிலையத்துக்கு நானே போனேன். தம்ளரில் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். கடைசி பெஞ்சில், மேடம் உட்காரும் இடத்துக்குப் பக்கத்து இடத்தில் உட்கார்ந்து மூன்றாவது பெஞ்சைப் பார்த்தேன்.

முதலில் வந்தவர் நன்றாகத்தான் எடுத்தார். ஆனால் மூன்றாவது பெஞ்சில் ஒரு வாலிநோக்கத்துப் பெண் நொடிக்கொரு தரம் திரும்பித் திரும்பிப் பின்னால் பார்த்தாள். என்னை அல்ல, என் பக்கத்துக் காலி இடத்தை. அவளைப் பார்த்து இன்னொருத்தி திரும்பினாள், பிறகு ஒரு பையன். மேடம் இருக்கும்போது யாரும் திரும்பியதே இல்லை. இருக்கிறார் என்று தெரியும், அதனால் திரும்பத் தேவைப்படவில்லை போலும். அந்த விண்ணப்பதாரர்மேல் எந்தக் குற்றமும் இல்லை. அவரை மறுநாளும் இருக்கச் சொல்லி இன்னொரு வகுப்பு எடுக்கக் கொடுத்தேன். அப்போதும் தலைகள் திரும்பின. இரண்டாமவர் வகுப்பிலும் அப்படித்தான்.

மூன்றாவதாக வந்தவர் விருதுநகர்ப் பக்கத்து இளைஞர். தண்ணீரைக் குடித்துவிட்டு, "எங்க ஊர்ல இதுவும் கெடைக்காது சார்" என்று இரண்டாவது தம்ளர் கேட்டவர். அவர் என்ன பாடம் எடுத்தார் என்று சத்தியமாக எனக்கு நினைவில்லை. கால்மணி நேரம் கழித்து அந்த வாலிநோக்கத்துப் பெண் திரும்புவதை நிறுத்திவிட்டாள். நோட்டை முன்னால் இழுத்து வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். நான் பக்கத்து இடத்தைத் திரும்பிப் பார்த்தேன். அந்த அறையில் இப்போது பின்னால் தேடிக்கொண்டிருந்தவன் நான் ஒருவன்தான்.

குழுவில் இந்தத் தடவை யாருடனும் சண்டை இல்லை. பணி ஆணை போய்விட்டது. அடுத்த திங்கட்கிழமை சேருகிறார்.

இன்று காலை காதர் பாய் கால அட்டவணையை எடுத்து வந்தார். நான்கு வருடமாக "புதியவர்" என்று இருந்த இடங்களில் அந்த இளைஞரின் பெயரை எழுதினோம். மேடம் இருந்திருந்தால் அந்த நிமிடத்துக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்திருப்பார். பிறகு பாய் தாளின் மேல்வரிசையில் விரலை வைத்தார். துறைத்தலைவர் அருள்மேரி என்றிருந்த வரிசை. "இங்க என்ன போடுறது சார்?" என்றார். அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. பேனாவை வாங்கி நானே எழுதினேன்: புதியவர்.

மேடம், திங்கட்கிழமை பேசுவோம் என்றீர்கள். நீங்கள் வரவில்லை, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். கௌசல்யா விஷயத்தில் நீங்கள் சொன்னதுதான் சரி, தப்பு என்னுடையது. ஜன்னலோர மேசையைத் துடைத்தாயிற்று. உங்கள் மேசையையும் துடைத்தேன். ஆடாத நாற்காலியை யாரும் தொடவில்லை, நானும் தொடவில்லை. சாக்பீஸ் பெட்டியை மட்டும் உங்களைக் கேட்காமல் எடுத்துக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு உங்கள் வரிசையில் உள்ள புதியவரின் வகுப்பு. இரண்டு மாடி ஏற வேண்டும். பிள்ளைகள் காத்திருக்கும். போயிட்டு வாரேன், மேடம்.